இடப்பக்கத்துக் கேம்பர் பிளேட்

எனக்கு வயது எழுபத்து நான்கு. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து பேர் நான் பெற்றவர்கள். ஆறாவது என் மூத்த மகனின் மகள். அவளுக்குப் பல் முளைக்கும் முன்பே அவளைப் பெற்றவள் போய்ச் சேர்ந்துவிட்டாள், அதனால் அவளும் என் கணக்கில்தான் வருகிறாள். இரண்டாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போனதில்லை. பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆனாலும் என்னை யாரும் ஏமாற்றிவிட்டுப் போனதில்லை.

என் கைக்கு ராசி உண்டு. இது நானாகச் சொல்லிக்கொள்வது அல்ல, ஊர் சொல்வது. கேழ்வரகு விதைக்கிற அன்று முதல் பிடியை நான்தான் தூவ வேண்டும் என்று ஆள் அனுப்புவார்கள். சர்ச்சுக்குப் போகிற எதிர்வீட்டு அம்மாகூட சாமந்தி நாற்றை முதலில் என் கையில் கொடுத்துவிட்டுத்தான் நடுவார். என் கடைசி மகன் இண்டூருக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுக்கு முன்னாலேயே ரோட்டோரம் ஒர்க்‌ஷாப் போட்டபோது முதலில் வந்தது ஒரு டிராக்டர். அவன் ஸ்பேனரை நட்டில் மாட்டி என்னிடம் கொடுத்தான். அரைத் திருகு திருகினேன். மீதியை அவன் முடுக்கினான். அந்த டிராக்டர் அதே வேலைக்கு மறுபடி வரவேயில்லை. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பெரிய வேலை எதுவானாலும் கடைசியாக முடுக்க வேண்டியதை விரலால் மட்டும் திருகி வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவான். நான் தொடங்கி வைப்பேன், அவன் முடிப்பான். வண்டி எடுக்க வருகிறவர்களும், "ஆத்தா கை வெச்சாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியை வாங்குவார்கள். எனக்கு அதில் பெருமைதான். இல்லை என்று எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

பேத்தி ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். சம்பாதித்ததையெல்லாம் போட்டு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினாள். சாமந்திப்பூ மஞ்சள். இரண்டே கதவு, உள்ளே இரண்டு பேர்தான் நிம்மதியாக உட்காரலாம். ஏறும்போது கிணற்றில் இறங்குவது மாதிரி இறங்க வேண்டும். லீவு நாளில் அதை எடுத்துக்கொண்டு கோயமுத்தூர்ப் பக்கம் போய் ரேஸ் டிராக்கில் ஓட்டுவாள். ஊரில் ஒருத்தி என்னிடமே கேட்டாள்.

"ஏங்க்கா, பொம்பளப் புள்ளைக்கு ரேஸு காரு எதுக்கு?"

"எங்க வூட்டுப் புள்ள கட்ட வண்டியில போறதுக்கா அத்தன படிப்புப் படிச்சுது?" என்றேன். வெளியே அப்படிச் சொன்னேனே தவிர, அவள் அந்தக் கார் ஓட்டுகிற நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்காது. அது எனக்கும் என் வயிற்றுக்கும்தான் தெரியும்.

போன ஆனி மாதம் அந்தக் காருக்காக ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் உள்ளே ஊதா நிறத்தில் இரண்டு தகடுகள், நகைக் கடையில் வைக்கலாம் போலப் பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றிலும் நீளமான ஓட்டைகள், நாலு போல்ட், ஓரத்தில் ஸ்கேலில் இருக்கிற மாதிரி சன்னமான கோடுகள். கேம்பர் பிளேட் என்று மகன் சொன்னான். பானெட்டைத் திறந்தால் முன் சக்கரங்களுக்கு நேர் மேலே, இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பரின் தலை தெரியுமாம். அந்தத் தலையைப் பிடித்துக்கொள்வது இந்தத் தகடு. போல்ட்டை இளக்கினால் தலையை உள்ளே தள்ளலாம், வெளியே இழுக்கலாம். அப்படியே சக்கரமும் சாயும்.

"நேரா நிக்கற சக்கரத்த எதுக்குடா சாய்க்கற?" என்றேன்.

"வளைவுல வண்டி ஒரு பக்கமா ஒருக்களிக்குதில்லம்மா, அப்ப டயரோட ஓரந்தான் ரோட்டுல படும். முன்னாடியே கொஞ்சம் உள்ளார சாய்ச்சு வெச்சா, வளையும்போது முழுசாக் குந்தும்."

எனக்குப் புரிந்தது. தலைச்சுமையோடு சறுக்கலில் இறங்குகிறவள் காலை அகட்டி வைப்பாள். இடுப்புப் பக்கம் உள்ளே, பாதம் வெளியே. அப்போதுதான் தடுமாறினாலும் நிற்கலாம். வண்டிக்கும் அதே கால்தான் வைக்கிறார்கள்.

"ஆயா, ஊருக்குள்ள ஓட்டறப்ப ஒரு சாய்வு, ரேஸுக்கு ஒரு சாய்வு. வேணுங்கறப்ப மாத்திக்கலாம்," என்றாள் பேத்தி.

"மனுசனுக்கும் இப்பிடி ஒண்ணு இருந்தா உங்க சித்தப்பனுக்கு வாங்கிப் போடு. பொண்டாட்டி பக்கம் ஒரேயடியா சாயறான்," என்றேன். மகன் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.

அன்று மதியத்துக்குள் இரண்டு தகட்டையும் மாட்டிவிட்டான். மறுநாள் காலையில் அவள் டிராக்கில் இருக்க வேண்டும். ராத்திரி சேலத்தில் சிநேகிதி வீட்டில் தங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. வலப்பக்கத் தகட்டைச் சாய்வு பார்த்து முடுக்கி முடித்தான். இடப்பக்கத் தகட்டைக் கோட்டில் நிறுத்தி, நாலு போல்ட்டையும் விரலால் திருகிவிட்டு, எனக்காக வைத்தான்.

நான் அப்போது அங்கே இல்லை. பாப்பாரப்பட்டிச் சந்தையில் என்னோடு வெகுகாலம் கடை போட்டவள் ஒருத்தி அன்று விடியற்காலை இறந்துபோனதாகப் பார்சல் பிரித்த பிறகுதான் சேதி வந்தது. போய் அழுதுவிட்டு, எடுத்த பிறகு பஸ் ஏறி வந்தேன். சாவு வீட்டுக்குப் போய் வந்தவள் குளிக்காமல் எதையும் தொடக் கூடாது. தூரத்தில் ஒர்க்‌ஷாப் தெரிந்ததுமே ஓரமாக நின்று குரல் கொடுத்தேன்.

"யாரும் எதுக்க வராதீங்க! ஏய் கண்ணு, நீ கெளம்பற நேரம், என் மூஞ்சில முழிக்காத. தலைக்கு ஊத்திட்டு வந்தர்றேன்."

அவள் சிரித்துக்கொண்டே காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நான் பின்பக்கமாகச் சுற்றிக் குளியலறைக்குப் போனேன். என் முடி இன்னும் அடர்த்தி. ஒரு குண்டான் தண்ணீர் காயவைத்து, சீயக்காய் போட்டுத் தேய்த்து, புடவையை நனைத்துப் பிழிந்து போட்டுவிட்டு வர நேரமாகும். அவசரப்பட்டு எனக்குப் பழக்கமில்லை.

நெற்றிக்கு இட்டுக்கொண்டு, ஈரத் தலையோடு, கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தேன். கார் இல்லை. மகனும் இல்லை. மேசைமேல் மஞ்சள் துணியில் அந்த ஆலன் கீ, வளைந்த சாவி மாதிரி இருக்குமே, அது வைத்தபடியே இருந்தது. எனக்கு எடுத்து வைத்தது. மடிப்புக்கூடக் கலையவில்லை.

எதிர்வீட்டு அம்மா கேட்டில் நின்றுகொண்டு சொன்னார். "இப்பிடிக் கெளம்பிப் போயிடுச்சுங்க பாப்பா. இருட்டறதுக்குள்ள தொப்பூர் எறங்கோணும், ஆயா மூஞ்சில முழிக்கக் கூடாதாம், சொல்லிருங்கன்னுச்சு."

"எம்பையன் எங்க?"

"பக்கத்துக் காட்டுல டிராக்டரு நின்னுபோச்சுன்னு ஆளு வந்து கூட்டிட்டுப் போச்சுங்க. அதுக்கும் முன்னாலயே போயிட்டாப்ல."

செருப்புகூடப் போடாமல் அந்தக் காட்டுக்கு நடந்தேன். டிராக்டருக்கு அடியிலிருந்து மகனின் கால்கள் மட்டும் தெரிந்தன.

"டேய், அந்த லெப்ட் பக்கத்து போல்ட்ட முடுக்குனியா?"

"நீ வந்து கை வெப்பேன்னு வுட்டிருக்கறன். ஏம்மா?"

"வண்டி போயிருச்சு."

அவன் வெளியே வருவதற்குள் தலையை எங்கேயோ இடித்துக்கொண்டான். தூறல் போட்டதால் பானெட்டை மூடிவிட்டு வந்தானாம். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பானெட் மூடினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். என் முகத்தில் முழிக்காமல் வீட்டுக்குள் பையைக் கட்டிக்கொண்டிருந்தவள் வெளியே வந்து அதைப் பார்த்து, எல்லாம் ஆயிற்று, ஆயா குளித்துவிட்டு வந்து கையும் வைத்தாயிற்று என்று எடுத்துப் போயிருக்கிறாள். கிளம்பும் முன் அவனுக்குப் போன் செய்திருக்கிறாள். அவன் டிராக்டருக்கு அடியில் கிடந்தான்.

திருப்பி அவளுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். வண்டி ஓட்டும்போது போனைத் தொட்டால் என்னைப் பிணமாகத்தான் பார்ப்பாய் என்று சத்தியம் வாங்கியிருந்தேன். அந்தப் பிள்ளை சத்தியத்தை மீறாத பிள்ளை. அப்படித்தான் வளர்த்தேன்.

மகனின் சின்ன வேனில் நானும் ஏறிக்கொண்டேன். "நீ எதுக்கும்மா?" என்றான். நான் கதவைச் சாத்தினேன்.

தர்மபுரியைத் தாண்டி ஹைவேயில் ஏறியதும் கேட்டேன்.

"அந்த போல்ட்டு அவுந்தா என்னடா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாதும்மா."

"என்ன பாத்துச் சொல்லு."

அவன் ரோட்டைத்தான் பார்த்தான். "தகடு நவுரும். ஒரு சக்கரம் ஒரு மாதிரி நிக்கும், இன்னொண்ணு வேற மாதிரி நிக்கும். நேர் ரோட்டுல பெருசாத் தெரியாது. எறக்கத்துல பிரேக்கு அழுத்தினா வண்டி ஒரு பக்கமா இழுக்கும்."

தொப்பூர் கணவாய் முழுக்க இறக்கம்தான். அங்கே நல்ல வண்டிகளே நிற்காமல் போய் மோதுவதை எங்கள் மாவட்டத்தில் கேள்விப்படாதவர் இல்லை. பாரம் ஏற்றிய லாரிகளுக்கு நடுவில் அந்த மஞ்சள் கார் எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பிறகு நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். அது முடியவில்லை.

அந்த வேன் ஓடுகிற ஓட்டத்துக்கு மாடுகூட முந்திவிடும். லாரி லாரியாக எங்களைத் தாண்டிப் போயின. "மிதிடா," என்றேன். "மிதிச்சுட்டுத்தாம்மா இருக்கறன்," என்றான். பின்னால் சத்தம் போட்டுக்கொண்டு ஓர் ஆம்புலன்ஸ் வந்தது. வழி விட்டான். நாங்கள் போகிற திசையிலேயே அது போனது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எங்கள் குலசாமியைக் கூப்பிட வாயெடுத்தேன். சாமி பெயர் வராமல், செத்துப்போன என் சந்தைச் சிநேகிதியின் பெயர் வந்தது. வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டேன்.

டோல்கேட்டில் மகன் அங்கிருந்த ஆளிடம் கேட்டான். "மஞ்ச கலர் கார் ஒண்ணு போச்சுங்களா? ரெண்டு டோரு. ஒரு பொண்ணு ஓட்டிட்டு."

"இதுல எத்தன வண்டிங்கண்ணா போவுது, யாரு பாக்கறாங்க? பாத்துப் போங்க. கணவாயில ஏதோ மாட்டிக்கிச்சாம், டிராபிக்கு நிக்குது."

"என்ன வண்டிங்க?"

"தெரியலீங்கண்ணா."

கொஞ்ச தூரம் போனதும் வண்டிகள் வரிசையாக நின்றன. நான் இறங்கி நடக்கிறேன் என்று கதவைத் திறந்தேன். அவன் என் முழங்கையைப் பிடித்து இழுத்தான். எங்களுக்குள் அதற்காக ஒரு சண்டை. அந்தச் சண்டைக்கு நடுவில்தான், இடது ஓரத்தில் பஞ்சர் கடைக்குப் பக்கத்தில், ஒரு மஞ்சள் பானெட் மேலே தூக்கி நிற்பதைப் பார்த்தேன்.

அவள் காருக்கு முன்னால் நின்று துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை கால் எல்லாம் இருந்தன. கணவாய்க்கு இன்னும் இந்தப் பக்கம்தான் நின்றாள். கீழே மாட்டிக்கொண்டது ஏதோ ஒரு லாரி, டயர் வெடித்து நின்றதாம், ஆளுக்கு ஒன்றும் இல்லையாம். ஆம்புலன்ஸ் வேறு யாருக்கோ போனது.

"ஆயா! நீ எங்க இங்க? செருப்புகூட இல்லாம?"

நான் போய் அவள் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். பிறகு அதே கையால் அவள் தலையை, தோளை, கையைத் தடவிப் பார்த்தேன்.

"எதுக்கு ஆயா அடிக்கற? உன் கைராசி இன்னைக்கு வேல செய்யல போல. ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்கினா டொக்கு டொக்குன்னு ஒரே சத்தம்."

"எங்கை அதுல படவே இல்லடி!"

அவளுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. புரிந்ததும் சித்தப்பாவைப் பார்த்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பானெட்டுக்குள் குனிந்துவிட்டான்.

"தப்பு எம்மேலதான் பாப்பா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நான் என்ன சொல்வது? அவன் எனக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்தான். அவள் நான் சொன்னபடி என் முகத்தில் முழிக்காமல் போனாள். நான் சாவுத் தீட்டோடு இரும்பைத் தொடக் கூடாது என்று குளிக்கப் போனேன். மூன்று பேரும் செய்ய வேண்டியதைத்தான் செய்தோம். போல்ட்டை மட்டும் யாரும் முடுக்கவில்லை.

தகடு கோட்டைவிட்டு நகர்ந்திருந்ததாம். அவள் வண்டியிலேயே ஓர் ஆலன் கீ வைத்திருக்கிறாள். பஞ்சர் கடைக்காரரின் ஜாக்கியை வாங்கி முன்பக்கத்தைத் தூக்கி, வலப்பக்கத் தகடு எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதே கோட்டுக்குத் தள்ளி, நாலையும் தானே முடுக்கிவிட்டாள். மகன் வேனிலிருந்து டார்க் ரெஞ்சை எடுத்து வந்தான். அது நீளமான ஒரு ஸ்பேனர், போதுமான அளவு இறுகியதும் டிக் என்று அதுவே சொல்லும். ஒவ்வொரு போல்ட்டாக வைத்துப் பார்த்தான். நாலும் டிக் என்றன. சக்கரத்தின்மேல் போனை ஒட்டி வைத்துச் சாய்வையும் அளந்தான். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு ஆலன் கீயை எடுத்து ஒரு போல்ட்டில் மாட்டினான்.

"இது ஒண்ண மட்டும் கொஞ்சம் லூசு பண்றம்மா. நீ ஒரு கை வெச்சிரு. உனக்கும் மனசு நிம்மதியா இருக்கும்."

என் கை நீண்டுவிட்டது. நிஜத்தைச் சொல்ல வேண்டும், நீண்டுவிட்டது. இத்தனை வருடப் பழக்கம். பேத்தியும் தள்ளி நின்று எனக்கு இடம் விட்டாள். அவள் விரல்களில் கிரீஸ் இருந்தது, ஒரு விரல் தோல் உரிந்து ரத்தம் கட்டியிருந்தது. லாரிகள் போகிற ரோட்டோரத்தில் தனியாக நின்று முடுக்கியிருக்கிறாள்.

"எறுகனத எதுக்குடா அவுக்கற?" என்றேன். "வுடு. அவ கை வெச்சாச்சு."

"இல்லம்மா, உனக்கு..."

"கீயக் கழட்டுடான்னா."

கழற்றினான். நான் பஞ்சர் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

போக்குவரத்து நகரத் தொடங்கியது. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. சொன்னால் நின்றுவிடுவாள். நின்றுவிட்டால் அந்தக் காரை மறுபடி தொடும்போதெல்லாம் என் முகம் அவளுக்கு நினைவு வரும். அதனால் வேறொன்று சொன்னேன்.

"கணவாய் எறங்கற வரைக்கும் நானும் வர்றன். உங்க சித்தப்பன் பின்னாடி வரட்டும்."

"ஆயா, அது குலுக்கும். உன் இடுப்பு தாங்காது."

"ஆறு பேரத் தூக்குன இடுப்புடி இது."

இரண்டு பேரும் சேர்ந்து என்னை அந்தக் கிணற்றுக்குள் இறக்கினார்கள். பெல்ட்டை இழுத்துக் கட்டினாள். தரை என் உட்காருமிடத்துக்கு நேர் கீழே ஓடுகிற மாதிரி இருந்தது. பக்கத்தில் லாரியின் சக்கரம் என் தலை உயரத்துக்குச் சுற்றியது. முதல் வளைவில் அவள் பிரேக்கை அழுத்தியபோது நான் கண்ணை மூடிக்கொண்டு, காதை மட்டும் இடப்பக்கச் சக்கரத்தில் வைத்தேன். ஒன்றுமில்லை. இரண்டாவது வளைவில் டொக் என்றது.

"நிறுத்துடி!"

"ஆயா, அது என் தண்ணி பாட்டில். சீட்டுக்கு அடியில உருளுது."

குனிந்து அதை எடுத்து மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. வளைவுக்கு வளைவு வண்டி ரோட்டில் ஒட்டிக்கொண்டு போனது, காலை அகட்டி வைத்து இறங்குகிறவள் மாதிரி. அவள் கை ஸ்டியரிங்கில் அலட்டிக்கொள்ளாமல் இருந்தது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அடிவாரத்தில் பாட்டிலை அவளிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

அவள் போன பிறகு மகனோடு வேனில் வீடு திரும்பினேன். மறுநாள் சாயங்காலம் அவளே போன் செய்தாள். கப்பு எதுவும் கிடைக்கவில்லை, ஆனால் வளைவுகளில் வண்டி முன்பைவிட நன்றாகத் திரும்பியது என்றாள். கப்பு கிடக்கட்டும் என்றேன்.

இப்போது ஒர்க்‌ஷாப்பில் மகன் எல்லாவற்றையும் முடுக்கி, டிக் என்று கேட்ட பிறகுதான் பானெட்டை மூடுகிறான். அதற்கப்புறம் நான் வந்தால் பானெட்டின்மேல் கை வைப்பேன். வராவிட்டாலும் வண்டி போகும். வெளியூர் ஆள் ஒருவர், "ஆத்தா கை வெச்சாத்தானுங்க எடுப்பேன்," என்று அடம்பிடித்தார். "எங்கை ராசிதாங்க, ஆனா அது ஸ்பேனரு இல்லீங்க," என்று நானே சொல்லி அனுப்பினேன். சொல்லும்போது கொஞ்சம் வலித்தது. வலிக்கட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு டிராக்கில் ஓட்டம் இருக்கிறது. கார் முற்றத்தில் நிற்கிறது. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருப்பதும் இவள்தான், ஒரு கண் தாளில், ஒரு கண் சாவியில். எழுதியது போதும் கண்ணு. எங்கே, முதல் வரியிலிருந்து நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டு. நீயாக எதையாவது சேர்த்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். கிளம்பலாம், வெளிச்சம் இன்னும் இருக்கிறது. முதலில் படி.